கேரி தரை உருண்டை, 18 அங்குலம், விற்பனைக்கு வந்திருக்கிறது: வாங்கலாமா?

வைகறை:
வணக்கம். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் பக்கம். பக்கத்து ஊர்ப் பழம்பொருள் கடையில் ஒரு பூமி உருண்டை விற்பனைக்கு வந்திருக்கிறது. மேசையில் வைக்கும் குளோப் இல்லை, தரையில் நிற்கிற வகை. விட்டம் 18 அங்குலம். கடைசல் செய்த நான்கு மஹாகனிக் கால்கள், உருண்டையைச் சுற்றி பித்தளை வளையம், இடுப்புயரத்தில் அகலமான மர வளையம். மர வளையத்தின் மேல் மாதங்களும் ராசிகளும் அச்சிட்ட காகிதம் ஒட்டியிருக்கிறது. கால்களுக்கு நடுவே திசைகாட்டி வைக்கும் பெட்டி உண்டு, ஊசி போய்விட்டது.

பெயர்க்கட்டத்தில் "ஜே. அண்ட் டபிள்யூ. கேரி, ஸ்ட்ராண்ட், லண்டன், 1816" என்று படிக்க முடிகிறது. அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருக்கிறது, வார்னிஷ் கறுத்துப்போனதால் தெரியவில்லை. விலை 8,500 பவுண்டு. பசிபிக் கடலில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருக்கிறது. பூமத்தியரேகை ஓரம் ஒரு நீள விரிசல். மொத்தமும் தேன் நிறத்துக்கு மாறியிருக்கிறது. 900 பவுண்டு கூடக் கொடுத்தால் சுத்தம் செய்து புதிதுபோல ஆக்கித் தருகிறேன் என்கிறார் கடைக்காரர்.

எனக்கும் கணவருக்கும் பழைய வரைபடங்கள் மேல் ரொம்ப நாள் ஆசை. இது எங்களுக்குப் பெரிய தொகை. தெரிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

பழந்தாள்:
அந்த 900 பவுண்டு வேலையை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள் தங்கச்சி. மற்றதை நிதானமாக எழுதுகிறேன்.

திசைமானி:
நல்ல பெயர் கிடைத்திருக்கிறது. ஜான் கேரி வரைபடச் செதுக்குநர். 1787-இல் அவர் வெளியிட்ட இங்கிலாந்து நிலப்படத் தொகுதியும், பிறகு வந்த அஞ்சல் சாலை வழிகாட்டியும் அந்தக் காலத்தில் பரவலாகப் பயன்பட்டவை. வில்லியம் ஸ்மித்தின் 1815 நிலவியல் வரைபடத்தை வெளியிட்டதும் அவர்தான். தம்பி வில்லியம் கேரி அளவைக் கருவி செய்பவர், லண்டனின் பெயர்பெற்ற கருவியாளர் ஜெஸ்ஸி ராம்ஸ்டெனிடம் தொழில் கற்றவர். அண்ணனுக்கு வரைபடக் கை, தம்பிக்குப் பித்தளைக் கை. இருவரும் சேர்ந்து 1790-களின் தொடக்கத்தில் உருண்டை செய்ய ஆரம்பித்தார்கள். அதனால்தான் கேரி உருண்டையில் காகிதமும் உலோகமும் இரண்டுமே தரமாக இருக்கும்.

ஆனால் "1816" என்பதை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். அது வரைபடத்தை அச்சிடச் செதுக்கிய செப்புத்தகட்டின் வயது. உங்கள் உருண்டையின் வயது அதன் கடலோரங்களில் இருக்கிறது. நான்கு இடங்களைப் படம் எடுத்துப் போடுங்கள்: தென்துருவத்தைச் சுற்றிய பகுதி, மெக்சிகோவுக்கு வடக்கே உள்ள எல்லைகள், ஆஸ்திரேலியா, மேற்கு ஆப்பிரிக்கா.

காரைக்குடி தச்சர்:
அம்மா, நிலையையும், அதாவது உருண்டையைத் தாங்கும் கால்சட்டத்தையும் படம் எடுங்க. உருண்டையைப் பார்த்து மயங்கி, காலைப் பார்க்காமல் வாங்குகிறவர்கள் நிறைய. உருண்டை ஒரு இடத்தில், கால் இன்னொரு இடத்தில் கிடைத்து, இரண்டையும் சேர்த்து விற்பது எல்லா ஊரிலும் நடக்கிற வியாபாரம்தான்.

மர வளையத்தின் அடிப்பக்கம் மெருகு ஏற்றாமல் விட்டிருப்பார்கள். அங்கே மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கறுத்திருக்க வேண்டும். இடையில் வெளுத்த திட்டு, பழைய ஓட்டையை அடைத்த தடம் இருந்தால் வேறு ஏதோ ஒன்றைக் கழற்றி இதை மாட்டியிருக்கிறார்கள். ஒரு திருகாணியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 1840-களுக்கு முந்தைய மரத் திருகாணிக்கு நுனி மழுங்கலாக இருக்கும், தலையில் உள்ள வெட்டும் பெரும்பாலும் நடுவில் இருக்காது. கூர்நுனி இருந்தால் அது பிறகு போட்டது. ஒன்றிரண்டு மாற்றியிருந்தால் பரவாயில்லை. எல்லாமே கூராக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

அப்புறம், பித்தளை வளையம் மர வளையத்தில் வெட்டிய இரண்டு பள்ளத்திலும், அதாவது காடியிலும், உரசாமல் உட்கார வேண்டும். உருண்டைக்கும் மர வளையத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி வேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைகிறது, இன்னொரு பக்கம் தாள்கூட நுழையவில்லை என்றால், ஒன்று மர வளையம் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் உருண்டை இந்த நிலைக்குச் சொந்தமில்லை.

பழந்தாள்:
நான் நூலகம் ஒன்றில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். "புதிதுபோல" என்ற பேச்சு கேட்டாலே எனக்குப் பதறும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த உருண்டை மரத்தால் ஆனதல்ல. உள்ளே காகிதக் கூழால் செய்த இரண்டு அரைக்கோளங்கள். நடுவே ஒரு மரத்தண்டு துருவம் விட்டுத் துருவம் தாங்கி நிற்கும். இரண்டையும் சேர்த்து ஒட்டி, மேலே பிளாஸ்டர் பூசி, வழவழப்பாக்குவார்கள். அதன் மேல்தான் அச்சிட்ட காகிதம். தட்டையான தாளை உருண்டை மேல் ஒட்டினால் சுருங்கும் இல்லையா? அதனால் நடுவில் அகன்று இரண்டு நுனியும் கூர்ந்த பட்டைகளாக வெட்டுவார்கள். பொதுவாகப் பன்னிரண்டு பட்டை, துருவங்களுக்கு இரண்டு வட்டத் தொப்பி. 18 அங்குல உருண்டைக்கு ஒரு பட்டையின் அகலம் பூமத்தியரேகையில் ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பசை பட்டதும் ஈரத்தில் காகிதம் நீளும். அந்த நீட்சியையும் கணக்கில் வைத்துத்தான் ஒட்டுவார்கள். ஒரு பட்டையின் ஆறு அடுத்த பட்டையில் தொடர்வது அந்தக் கைகளின் திறமை. கடைசியில் நீர்வண்ணத்தால் கையாலேயே நாடுகளின் ஓரங்களுக்குச் சாயம் தீட்டி, வார்னிஷ் பூசி முடிப்பார்கள்.

இப்போது கடைக்காரர் சொல்லும் வேலையை யோசியுங்கள். வார்னிஷைக் கரைக்கும் திரவம் ஓரிடத்தில் கூடுதலாக ஊறினாலும் அடியில் இருக்கும் அந்த நீர்வண்ணம் கலைந்துவிடும். பச்சை தீட்டிய ஓரங்கள் இன்னும் ஆபத்து. அந்தக் காலப் பச்சையில் செம்பு உண்டு, அது காகிதத்தை மெல்ல அரித்துப் பழுப்பாக்கியிருக்கும். ஈரத்துணி பட்டால் உதிரும். தேய்ந்த பசிபிக்கில் யாராவது கோடு வரைந்து, எழுத்து எழுதி நிரப்பிவிட்டால், எது கேரி அச்சடித்தது, எது போன வாரம் எழுதியது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

தேன் நிறம் வயதானால் எல்லா உருண்டைக்கும் வருவது. அது குறை இல்லை. விரிசல்தான் கவலைப்பட வேண்டியது. அதன் ஓரத்தில் காகிதம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, பிளாஸ்டர் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் கோளங்களில் பழகிய ஒரு காகிதப் பாதுகாவலரிடம் அதை மட்டும் நிலைநிறுத்தச் சொல்ல வேண்டும். அவரும் பின்னால் கரைத்து எடுக்கக்கூடிய மாவுப்பசைதான் பயன்படுத்துவார்.

கடைக்குப் போகும்போது புற ஊதா டார்ச் ஒன்று கொண்டு போங்கள். இருட்டில் அடித்தால் பழைய அரக்கு வார்னிஷ் ஆரஞ்சு நிறமாக ஒளிரும். பின்னால் தீட்டிய இடம் கறுப்பாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். லென்ஸ் வைத்தும் பாருங்கள். செப்புத்தகட்டில் அச்சான கோடு அறுபடாமல் ஓடும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது நவீன அச்சு, உடனே வெளியே வந்துவிடுங்கள்.

வைகறை:
இன்று போய் வந்தோம். கடைக்காரர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார், படமும் எடுக்க விட்டார்.

கோடுகள் அறுபடாமல் ஓடுகின்றன. டார்ச் அடித்தபோது பெரும்பகுதி ஆரஞ்சு. பசிபிக் ஓரத்திலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கறுப்புத் திட்டுகள். விரிசல் ஓரத்தில் காகிதம் ஓர் இடத்தில் மட்டும் எழும்பி நிற்கிறது. உருண்டையைச் சுற்றும்போது உள்ளே ஏதோ உருள்கிற சத்தம்.

கழற்றிய திருகாணிக்கு நுனி மழுங்கல், ஐயா. இடைவெளியும் ஒரே சீராக இருக்கிறது. ஆனால் கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்களில் ஒன்று புதுசு மாதிரித் தெரிகிறது.

திசைமானி கேட்ட இடங்கள்: தெற்கே "கிரஹாம்ஸ் லேண்ட்", "எண்டர்பிஸ் லேண்ட்" என்று இரண்டு சின்னக் கரைக்கோடுகள். வேறு நிலம் இல்லை. டெக்ஸாஸ் தனியாக வண்ணம் தீட்டி இருக்கிறது. டாஸ்மேனியாவுக்கு "வான் டீமென்ஸ் லேண்ட்" என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவில் குறுக்காக நீளமாக ஒரு மலைத்தொடர்.

திசைமானி:
இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

தென்துருவப் பக்கம் எண்டர்பி நிலத்தைக் கடலோடி ஜான் பிஸ்கோ கண்டது 1831-இல். கிரஹாம் நிலத்துக்குப் பெயர் வந்தது அடுத்த ஆண்டு. 1816-இல் அச்சான உருண்டையில் இந்த இரண்டும் இருக்க வழியே இல்லை. டெக்ஸாஸ் மெக்சிகோவை விட்டுப் பிரிந்தது 1836, அமெரிக்க ஐக்கிய நாடுகளோடு சேர்ந்தது 1845. அது தனி வண்ணத்தில் இருக்கிறது என்றால் அந்த ஒன்பது வருட இடைவெளிக்குள் நாம் வந்துவிட்டோம். அதே தென்துருவப் பக்கம் ஜேம்ஸ் ராஸ் 1841-இல் கண்ட விக்டோரியா நிலம் இதில் இல்லை. ஆக, செய்தி லண்டனுக்கு வந்து சேரப் பிடிக்கும் காலத்தையும் சேர்த்தால், 1836-க்கும் 1840-களின் தொடக்கத்துக்கும் நடுவில் செய்தது.

இது போலி இல்லை, கடைக்காரர் பொய் சொல்லவும் இல்லை. ஒரு முழு உருண்டைக்குச் செப்புத்தகடு செதுக்குவது பெரும் செலவு பிடித்த வேலை. அதனால் பழைய தகட்டையே வைத்துக்கொண்டு, புதிதாகக் கண்ட கரைகளை மட்டும் அதில் செதுக்கிச் சேர்ப்பார்கள். பெயரும் முதல் தேதியும் அப்படியே இருக்கும். கேரி சகோதரர்கள் ஸ்ட்ராண்ட் கடையில் 1820-இல் தீப்பிடித்து, வரைபட வியாபாரம் செயின்ட் ஜேம்ஸ் தெருவுக்கு மாறியது. வில்லியம் 1825-இல் இறந்தார். ஜான் 1835-இல் இறந்தார். உங்கள் உருண்டையைச் செய்து விற்றது ஜானின் மகன்கள் ஜார்ஜும் ஜானும் நடத்திய கடை. கறுத்த வார்னிஷுக்குக் கீழே இருக்கும் அந்த வரி அநேகமாகத் "திருத்தங்கள், சேர்க்கைகள் இன்ன ஆண்டு வரை" என்று சொல்லும். பக்கவாட்டில் ஒளி விழும்படி வைத்துப் படம் எடுத்தால் எழுத்து தெரிய வாய்ப்புண்டு.

டெக்ஸாஸ் மட்டும் ஒரு எச்சரிக்கை. வண்ணம் கையால் தீட்டியது, பின்னாலும் தீட்டலாம். எல்லைக்கோடு செதுக்கலிலேயே இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். உங்கள் கறுப்புத் திட்டு அந்தப் பக்கம்தானே.

மேற்கு ஆப்பிரிக்க மலைத்தொடரின் பெயர் "காங் மலைகள்" என்று இருக்கும். 1798-இல் ஜேம்ஸ் ரென்னல் ஒரு வரைபடத்தில் வரைந்தார். பார்த்தவர் யாரும் இல்லை. ஆனாலும் ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்துப் படியெடுத்து, 1880-களின் கடைசியில் பிரெஞ்சு அதிகாரி லூயி பாஞ்சே நேரில் போய் அங்கே அப்படி மலையே இல்லை என்று சொல்லும் வரை உலகம் முழுக்க அந்த மலை அச்சாகிக்கொண்டே இருந்தது. பழைய உருண்டையை நான் நேசிப்பதே இதற்காகத்தான். ஒரு தலைமுறை எதைத் தெரிந்ததாக நம்பியது, எங்கே வெறுமையாக விட்டது என்பதை வேறெந்தப் பொருளும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டாது.

பழந்தாள்:
உருளும் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். சமநிலைக்காக உள்ளே ஈயக் குண்டுகளைச் சின்னப் பையில் கட்டி ஒட்டுவார்கள். பை கிழிந்தோ பசை விட்டோ இருக்கும். விலை பேசும்போது சொல்லுங்கள், ஆனால் அதற்காக உருண்டையைத் திறக்க யாரையும் விடாதீர்கள்.

பருத்தித்துறை:
அக்கா, இலங்கை எவ்வளவு பெரிதாகத் தெரியுது? ஊர்ப் பெயர் ஏதும் இருக்கா?

இன்னொரு விஷயம். இந்த உருண்டைகளை அந்தக் காலத்தில் சோடியாகத்தானே வித்தவை, பூமி ஒன்று, வானம் ஒன்று. ஒற்றையாக வாங்கினால் பிறகு விற்கேக்க பெறுமதி குறையாதா?

திசைமானி:
ஜோடியாக இருந்தால் விலை ஒற்றையைப்போல் இரண்டு மடங்கோடு நிற்காது, அதற்கும் மேலே போகும். உண்மைதான். ஆனால் நூலகங்களும் பள்ளிகளும் வீடுகளும் கலைந்தபோது பல ஜோடிகள் பிரிந்துவிட்டன. ஒற்றை என்பது குறையுள்ள பொருள் அல்ல. விண்மீன் உருண்டையைத் தனியாகத் தேடி ஜோடி சேர்ப்பதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அதே ஆண்டு, அதே கால், அதே மரம் அமைவது அரிது.

வைகறை:
பருத்தித்துறை, ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும். திரிகோணமலை தெளிவாக இருக்கிறது. எங்கள் கரையில் மதராஸ், பாண்டிச்சேரி.

தஞ்சைக்காரன்:
வில்லியம் கேரி என்ற பெயரை இங்கே யாரும் எங்கள் ஊரோடு சேர்த்துப் பேசவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வில்லியம் லாம்டன் 1802-இல் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்து இந்தியப் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார் அல்லவா? அவர் பயன்படுத்திய அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியைச் செய்தவர் இதே வில்லியம் கேரிதான். வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரீஷியஸ் கொண்டு போனார்கள். இது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் மரியாதையோடு மதராஸுக்கு அனுப்பி வைத்தார்கள்.

1808-இல் தஞ்சாவூர். சமவெளியில் உயரமான இடம் வேறு இல்லாததால் கோயில் கோபுரங்களையே அளவை நிலையங்களாக்கினார் லாம்டன். பெரிய கோயிலில் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி, வட்டத் தகடு நெளிந்துவிட்டது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. கூடாரத்துக்குள் அடைபட்டு ஆறு வாரம் பாடுபட்டு, தகட்டைப் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதை வைத்தே அளவை தொடர்ந்தது.

அக்கா, உங்கள் உருண்டையில் பாண்டிச்சேரி என்று எழுதிய அந்தக் கரை, அதே குடும்பத்துக் கருவி நடந்து அளந்த கரை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இது ஒன்றுக்காகவே வாங்கியிருப்பேன்.

நடுவழி:
எல்லோரும் உணர்ச்சியில் பேசுகிறீர்கள். 8,500 பவுண்டுக்கு வீட்டில் ஒரு மூலையில் நிற்கப் போகும் பொருள். பொருட்காட்சியகத்தில் நிறைய இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். நாளை குடும்பம் சென்னைக்குத் திரும்பினால் என்ன செய்வீர்கள்?

பழந்தாள்:
நியாயமான கேள்வி. சென்னைக் காற்றில் காகிதமும் பிளாஸ்டரும் மரமும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு ஊதும், பிறகு ஏசி போட்டதும் சுருங்கும். விரிசல் அப்படித்தான் வளரும். மாவுப்பசை இருப்பதால் ராமபாணப் பூச்சி வேறு தேடி வரும். ஈரப்பதம் வருடம் முழுக்க 50 சதவீதத்தை ஒட்டி நிற்கிற அறை இல்லாமல் கொண்டு வரக்கூடாது. சட்டமும் இருக்கிறது. பிரிட்டனில் 50 வருடத்துக்கு மேற்பட்ட பண்பாட்டுப் பொருள் குறிப்பிட்ட மதிப்பைத் தாண்டினால் வெளியே அனுப்ப உரிமம் வேண்டும். இந்தியாவில் 1972 சட்டப்படி 100 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. கொண்டு வந்தபின் மனம் மாறினாலும் திருப்பி அனுப்புவது எளிதல்ல.

ஆனால் பொருட்காட்சியகத்தில் இருப்பதைத் தொட முடியாது, நடுவழி. சுற்ற முடியாது. இது சுற்றிப் பார்ப்பதற்காகச் செய்த கருவி.

கணக்கு டீச்சர்:
அதையேதான் நானும் சொல்ல வந்தேன். இந்தத் தரை உருண்டை அலங்காரத்துக்குச் செய்ததல்ல, கணக்குப் போடுவதற்குச் செய்தது. அந்த மர வளையம்தான் உங்கள் அடிவானம். ஒரு கணக்கு மட்டும் செய்து காட்டுகிறேன்: ஜூன் 21 அன்று சென்னையில் சூரியன் எப்போது உதிக்கும்?

சென்னை 13 பாகை வடக்கு. பித்தளை வளையத்தை நகர்த்தி வடதுருவத்தை அடிவானத்துக்கு மேல் 13 பாகை உயர்த்துங்கள். மர வளையத்துக் காகிதத்தில் ஜூன் 21-க்கு நேரே பாருங்கள், கடகத்தின் தொடக்கம் என்று இருக்கும். உருண்டை மேல் சாய்வாக ஓடும் சூரிய வழியில் அதே புள்ளியைக் கண்டுபிடித்து, பித்தளை வளையத்துக்கு அடியில் கொண்டு வந்து, துருவத்தில் உள்ள மணி வட்டத்தை 12-இல் வையுங்கள். அது நண்பகல். இப்போது அந்தப் புள்ளி கிழக்கு அடிவானத்தைத் தொடும் வரை உருண்டையைத் திருப்புங்கள். மணி வட்டம் 5.37 பக்கம் காட்டும். துருவத்தை லண்டனின் 51½ பாகைக்கு உயர்த்தி அதையே செய்தால் 3.48 பக்கம் வரும். இரண்டும் அந்தந்த ஊர்ச் சூரிய மணி, கடிகார மணி அல்ல. பென்சில் எடுக்காமல் கோள முக்கோணக் கணக்கு முடிந்துவிட்டது!

நம் பஞ்சாங்கத்தில் சூரியன் கடகத்துக்கு வருவது ஆடி மாதப் பிறப்பன்று, ஜூலை நடுவில். உருண்டையில் ஜூன் 21. அவர்கள் சம இரவு நாளிலிருந்து எண்ணுகிறார்கள், நாம் விண்மீன்களிலிருந்து எண்ணுகிறோம். இரண்டுக்கும் இன்று ஏறத்தாழ 24 பாகை வித்தியாசம். பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இதை விரலால் தொட்டுக் காட்டலாம் அம்மா.

காரைக்குடி தச்சர்:
கால்களுக்கு நடுவே உள்ள அந்தப் புதுக் குறுக்குச் சட்டத்தை விட்டுவிடாதீர்கள். நாலில் ஒன்று மாற்றியது பெரிய பாதகம் இல்லை, நிலை நிற்பதற்காக யாரோ செய்திருக்கிறார்கள். பழைய மெருகைச் சுரண்டிப் புதுப் பாலீஷ் மட்டும் போடக்கூடாது. ஆனால் விலையில் அது வர வேண்டும்.

வைகறை:
மறுபடி போனோம். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த வரி தெரிந்தது: 1840 வரை திருத்தங்களும் சேர்க்கைகளும். டெக்ஸாஸ் எல்லை செதுக்கலிலேயே இருக்கிறது. கறுப்புத் திட்டு அதற்கு மேற்கே, கலிஃபோர்னியா கரையில்தான்.

கடைக்காரரிடம் நீங்கள் எழுதிய எல்லாவற்றையும் சொன்னோம். அவரும் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார். குறுக்குச் சட்டம், உள்ளே உருளும் குண்டு, எழும்பிய காகிதம், பின்னால் தீட்டிய இடங்கள் எல்லாம் சேர்த்து 6,800-க்கு ஒப்புக்கொண்டார். தேதி 1840 என்று ரசீதில் எழுதித் தருகிறார். சுத்தம் செய்யும் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வரவேற்பறையில் தென்பக்க ஜன்னல் அருகே வைக்க நினைக்கிறோம். எப்படித் தூக்கிக்கொண்டு வருவது?

பழந்தாள்:
மிக நல்ல செய்தி. தென்பக்க ஜன்னல் வேண்டாம், ஹீட்டர் பக்கமும் வேண்டாம். வெயில் படாத உள்சுவர் ஓரம் வையுங்கள். காகிதப் பொருளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது பொருட்காட்சியகக் கணக்கு, அந்த அறையில் திரை போட்டால் கிட்டத்தட்ட அது வந்துவிடும்.

தூக்கும்போது மர வளையத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது, காலிலிருந்து பிரிந்து வந்துவிடும். முதலில் பித்தளை வளையத்தோடு சேர்த்து உருண்டையைக் காடியிலிருந்து மேலே எடுக்க வேண்டும். இரண்டு பேர் வேண்டும், மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு. அகலமான பெட்டியில் மெத்தென்று துணிச் சுருள் வளையம் செய்து, தேய்ந்த பசிபிக் பக்கம் மேலே வரும்படி உட்கார வையுங்கள். எழும்பிய காகிதத்தின் மேல் டேப் ஒட்டாதீர்கள். நிலை தனியாக வரட்டும், கால்கள் மேலே பார்த்தபடி கவிழ்த்து வைக்கலாம்.

வந்ததும் அந்த எழும்பிய இடத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். உங்கள் பக்கத்துப் பாதுகாவலரிடம் என்ன கேட்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.